முனீஸ்வரர் ஹாலுக்கு வந்தார்

எனக்கு வந்த நோய் ஒரு விக்கலில்தான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நானும் மகள் கவிதாவும் ஒரு கூட்டு, என் வீட்டுக்காரரும் மருமகனும் எதிர்க் கூட்டு. நான் சிவப்புக் காயைக் குறிபார்த்துச் சுண்டப்போன நேரத்தில் ஒரு விக்கல். ஸ்டிரைக்கர் நேராகப் பைக்குள் போய் விழுந்தது.

"யாரோ ஒன்னைய நெனைக்கிறாங்க போல" என்றார் வீட்டுக்காரர், அவருக்கு வாயெல்லாம் பல்.

"நெனைக்கிறவங்க ஆட்டம் முடிஞ்சி நெனைக்கக் கூடாதா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், விக்கலோடு.

அது அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தேன். மூச்சைப் பிடித்தேன். நீரிழிவுக்காரி என்பதையும் மறந்து சீனியை வாயில் போட்டு அடக்கினேன். கவிதா பின்னால் வந்து திடீரென்று கத்திப் பயமுறுத்தினாள், பயந்ததுதான் மிச்சம். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது, நாக்கு குழறியது. கடைசியில் பெற்ற மகளையே "யார் வீட்டுப் புள்ளம்மா நீ?" என்று கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அவள் அழுதுகொண்டே காரை எடுத்தாள், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரந்தாவுக்கு உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் அங்கே மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர். தோட்டத்து முகப்பில் இருக்கும் சின்ன முனீஸ்வரர் கோயிலுக்கு அவர்தான் பூசாரியும். நான் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தேன். நீரிழிவு கண்ணில் இறங்கிப் பார்வை மங்கிய பிறகு விட்டுவிட்டேன். மகள் சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு பிளாட்டில் இருக்கிறாள். இப்போது இதை நான் கொட்டை கொட்டையாக எழுதித் தர, அவள்தான் டைப் அடிக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன ஆனது என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இனி இதைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் பிள்ளை, பார்த்தால் கல்லூரி மாணவன் போல இருந்தான், மலாயில் கேட்டான்: சமீபத்தில் புதிதாக என்ன சாப்பிட்டார்கள்? வீட்டுக்காரர் பெருமையோடு முன்னால் வந்தார். கொல்லையில் பெலிம்பிங் மரம் நிற்கிறது, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே அந்தப் பழம். அதைச் சாறு பிழிந்து குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று யாரோ சொல்ல, தினமும் விடிகாலையில் ஒரு பெரிய குவளை நிறைய அவரே பிழிந்து கொடுத்துவந்தார். அதைச் சொன்னதும் டாக்டர் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான்.

பிறகுதான் விளக்கினான். அந்தப் பழத்தில் ஒரு நச்சுச் சத்து உண்டாம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். என்னுடையது நீரிழிவாலும் அழுத்தத்தாலும் பல வருடமாகவே சத்தமில்லாமல் பழுதாகி வந்திருக்கிறது. அதனால் தள்ள முடியவில்லை. நச்சு இரத்தத்தில் தங்கி மூளைக்குப் போயிருக்கிறது. அதுதான் விக்கல், அதுதான் குழறல். மிச்சம் மீதி இருந்த சிறுநீரகத்தையும் அந்தச் சாறு படுக்கவைத்துவிட்டது. இனி அது எழுந்திருக்காது.

 நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மிஸ்ஸி வந்து வீட்டுக்காரரை வெளியே போய் உட்காரச் சொன்னார். அப்போதும் நகரத் தெரியாமல் அங்கேயே நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

கழுத்தில் குழாய் போட்டு இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விட்டார்கள். இரண்டு முறை பண்ணியதும் விக்கல் நின்றது. புத்தி திரும்பியது, மகள் பெயர் திரும்பியது. அதோடு பயமும் திரும்பியது.

வார்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் இரத்தம் எடுப்பார்கள், மாலையில் இரத்தம் எடுப்பார்கள். கிரியேட்டினின் என்று ஒன்றைத் தினமும் சொன்னார்கள். தசை வேலை செய்யும்போது உண்டாகிற கழிவாம் அது, சிறுநீரகம் ஓய்ந்துவிட்டால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் குடிக்கவும் அளவுதான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டு தருவார்கள், அதை வாயில் வைத்துக் கரையவிட வேண்டும். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா தன் ஐஸ் துண்டை யாரும் பார்க்காதபோது கடித்துத் தின்றுவிட்டு எனக்குக் கண்ணடிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களை விழுங்கவில்லை. போக்குவரத்துதான் விழுங்கியது. மருமகன் தன் மோட்டார் சைக்கிளை விற்கப் போவதாகக் கவிதாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லவில்லை, அவள் போனில் பேசியது காதில் விழுந்தும் நான் கேட்காததுபோல் இருந்துகொண்டேன்.

கவிதா வேலை முடிந்து வந்து என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். வீட்டுக்காரர் வர முடியாத நாட்களில் போனில் குரல் பதிவு அனுப்புவார். அதில் அவர் பேசவே மாட்டார். வீட்டுச் சத்தம்தான் இருக்கும். கோழிக்குத் தவிடு போடுகிற சத்தம். தகரக் கூரையில் மழை. கேரம் பலகையில் காய் மோதுவது, பக்கத்து வீட்டு ராஜா "மண்டோரே, ஃபவுல்!" என்று கத்துவது. அதைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். அந்த வீட்டில் இருக்கும்போது அதை ஒரு சந்தோஷம் என்று நினைத்ததே இல்லை.

பிறகு ஒருநாள் பெரிய டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்துக்கு மூன்று தடவை சிரம்பானில் ஒரு மையத்துக்குப் போய் மெஷினில் படுப்பது. தோட்டத்திலிருந்து அவ்வளவு தடவை போய்வர முடியாது. அதற்கு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அம்பாங்கான் பிளாட்டுக்குப் போக வேண்டும். இன்னொன்று, வீட்டிலேயே செய்வது. நம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம், அதையே வடிகட்டியாக வைத்துக்கொள்ளலாம். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் பொருத்துவார்கள். ஒரு பை மருந்துநீரை அதன் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும், சில மணிநேரம் அது உள்ளேயே இருந்து கழிவை இழுத்துக்கொள்ளும், பிறகு வடித்துவிட்டு அடுத்த பை. இப்படி ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஆயுசுக்கும்.

"வீட்டிலயே செய்றேன் டாக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"கண் தெரியாதே. குழாயை மாட்டுவது யார்?"

"நான் மாட்டுறேன்" என்றார் வீட்டுக்காரர். பழச்சாறு விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

வயிற்றில் குழாய் வைத்துப் புண் ஆறிய பிறகு பயிற்சி தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் புவனா மிஸ்ஸி, தெமியாங் ஊர்க்காரர், கறாரான ஆள். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணே, இதுல சுத்தந்தான் எல்லாம். ஒரு கிருமி குழா வழியா உள்ள போனா வயிறு முழுக்க சீழ் வச்சிரும். பரீட்சை வைப்பேன். பாஸ் பண்ணலன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், மையந்தான்."

கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, காற்றாடியை நிறுத்து, வாயைத் துணியால் கட்டு, மேசையைத் துடை, முழங்கை வரைக்கும் கை கழுவு. கழுவிய பிறகு எதையும் தொடக் கூடாது, மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு படித்த பையன் நாலு தடவை மறந்து போனைத் தொட்டான். வீட்டுக்காரர் ஒருமுறைகூடத் தவறவில்லை. பார்த்துப் பார்த்து மிஸ்ஸிக்கே ஆச்சரியம்.

"அண்ணே, முன்னாடி யாருக்கும் செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல மிஸ்ஸி. எங்க முனீஸ்வரருக்கு வருசா வருசம் வாயக் கட்டிக்கிட்டுத்தான் படையல் போடுவேன். மூச்சு படக் கூடாது, எச்சி படக் கூடாது, வேற எதையும் தொடக் கூடாது. அதே கதைதான் லா."

மிஸ்ஸி சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் வீட்டு வாசலே தெரிந்துவிட்டது.

பரீட்சை அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. வடித்தார், நிரப்பினார், மருந்து நீர் உள்ளே இறங்குவது எனக்கு இளஞ்சூடாகத் தெரிந்தது. கழற்றினார். மூடி போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் மனுஷன் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "முருகா" என்று என் நெற்றியில் ஒரு கீற்று விபூதி வைத்தார். அதோடு நின்றிருக்கலாம். மிச்சம் ஒரு சிட்டிகையைத் திறந்திருந்த குழாய் வாயிலேயே வைத்துவிட்டார்.

"ஐயோ அண்ணே!" என்று மிஸ்ஸி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

குழாயின் வெளி முனையை மாற்றினார்கள், கிருமி மருந்து கொடுத்தார்கள், இரண்டு நாள் என்னைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர்தான் ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்தால் விபூதி கொடுப்பது அவர் கைக்கு ஊறிப்போன வேலை. அது நல்ல மனசோடு செய்தது, பெலிம்பிங் சாறும் அப்படித்தான். இரண்டு தடவையும் என் உயிர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"பெயில்" என்றார் மிஸ்ஸி. "அண்ணே, ஒங்க வீட்டுல சாம்பிராணி, சூடம் எல்லாம் உண்டுதானே? நான் வந்து வீட்டைப் பாக்கணும். பாத்துட்டுத்தான் இன்னொரு பரீட்சை வைக்கிறதா வேணாமான்னு சொல்லுவேன்."

சொன்னபடியே வந்தார். அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அத்தனை நாளைக்குப் பிறகு வீட்டு வாசலில் கால் வைத்தேன். கோழிகள் என்னை யாரென்றே கண்டுகொள்ளவில்லை.

மிஸ்ஸி ஹாலைப் பார்த்தார். சமையற்கட்டோடு சேர்ந்தது, கதவு கிடையாது, கேரம் பவுடர் வேறு தரையெல்லாம் கிடந்தது. தலையை ஆட்டினார். படுக்கையறையைப் பார்த்தார். மேலே நேரே தகரக் கூரை, உள்கூரை இல்லை, பல்லி எச்சமும் தூசியும் கொட்டும். அதற்கும் தலையை ஆட்டினார். பிறகு சாமி அறைக்கு வந்தார்.

வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டிய அறை அது. தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், உள்கூரை, நல்ல கதவு, ஒரே ஒரு ஜன்னல். கால் கை கழுவிவிட்டு நுழைவதற்கு வாசலிலேயே ஒரு குழாய். குளிக்காமல் அவரே அதற்குள் போகமாட்டார். மிஸ்ஸி டைல்ஸ் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த ரூம்தான். வேற எதுவும் தேறாது. ஆனா சாமிப்படம், வெளக்கு, சாம்பல் ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்றிலிருந்து வடிகிறது என்ன என்று எனக்குத் தெரியும். சிறுநீர் போகிற வழி அடைத்துப்போனதால் இந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதைச் சாமி இருந்த இடத்தில் உட்கார்ந்து செய்வதா? தினமும் நான்கு தடவை?

"வேணாம் மிஸ்ஸி. நான் மையத்துக்கே போய்க்கிறேன். கவிதா வீட்டுல இருந்துக்கிறேன்" என்றேன்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் பார்த்தேன். மங்கலாகப் பச்சைதான் தெரிந்தது.

செய்தி எப்படிப் போனதோ, ரந்தாவில் இருக்கும் அவர் அண்ணன் உடனே போன் அடித்துவிட்டார். கத்தியதில் எங்களுக்கே கேட்டது. "பூசாரி வீட்டுல சாமிய வெளிய தூக்கிப் போட்டுட்டு இந்தக் கண்றாவியெல்லாம் செய்யப் போறியாடா?"

"அண்ணே, வாரத்துக்கு மூணு வாட்டி நீங்க வந்து அவள சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.  போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இங்க பாரு மல்லி. சாமி ஹால்ல இருந்தா சாமிக்கு ஒண்ணும் ஆவாது. நீ ஹால்ல இருந்தாத்தான் ஒனக்கு ஆவும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஹால் நாற்காலியில் உட்கார்ந்தேன். 

அவர் குளித்துவிட்டு வந்து வாயைக் கட்டிக்கொண்டார். ஹாலில் டிவி மேசையைத் துடைத்து, டிவியை ஓர் ஓரமாகத் தள்ளினார். சாமி அறையில் கடைசியாக ஒரு சூடம் ஏற்றினார். மிஸ்ஸி பக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தமாகவே சொன்னார்: "ஐயா, கொஞ்சம் ஹாலுக்கு வாங்க. வீட்டுக்காரிக்கு எடம் வேணும். கோவிச்சிக்காதீங்க." முனீஸ்வரர் படத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகு விளக்கு, அரிவாள், விபூதித் தட்டு. புவனா மிஸ்ஸி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சாயங்காலம் வரைக்கும் அந்த அறையை அவர் ஒருவரே கழுவினார், யாரையும் விடவில்லை. அடுத்த வாரம் மறு பரீட்சையில் தேறினார். உள்ளே விடுவதற்கு முன் மிஸ்ஸி அவர் சட்டைப்பையைச் சோதித்துப் பார்த்தார், அது வேறு விஷயம்.

இப்படியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் எல்லாம் நலமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நலமாகவில்லை. வயிற்றில் எப்போதும் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடக்கிறேன், கால் மணிநேரம் நின்றால் மூச்சு வாங்குகிறது. பழம், கீரை, இளநீர் எதையும் கேட்காமல் தொடக் கூடாது. நாளில் நான்கு தடவை வேலையை விட்டுவிட்டு அந்த அறையில் போய் உட்கார வேண்டும். களைப்பு என்றால் இப்படி ஒரு களைப்பு என் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் கேரம் காய் மோதுகிறது, ஞாயிறானால் கவிதா வந்து தன் அப்பாவைத் திட்டுகிறாள், என் கோழி என் கொல்லையில் கொக்கரிக்கிறது. உட்கார்ந்திருப்பது எனக்குப் பாரமாக இல்லை. நான் என் வீட்டில் இருக்கிறேன்.

மிஸ்ஸி கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. வடித்து எடுத்த பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நீர் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் நல்லது. எழுத்து தெரியாமல் கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரி. கிருமி அடிக்கடி வந்தால் இந்த வைத்தியமே முடிந்தது. பிறகு மையம், அம்பாங்கான். என் கண்ணுக்கு எல்லா எழுத்தும் கலங்கல்தான். அதனால் படிப்பது அவர் வேலை.

முதல் நாள் மேசையில் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துப் பையை மேலே வைத்தார். அது மரண அறிவித்தல் பக்கம். "சே, இது வேணாம்" என்று அவசரமாகப் புரட்டினார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டிச் சத்தமாகத்தான் படிப்பார். "மலி...வு விற்...பனை. குளிர்...சாதனப் பெட்டி." நான் மூச்சை விட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கி வைத்து ஒரு வரி படிப்பார். நான் கேட்பேன். பந்து விளையாட்டு, வானிலை, யாருக்கோ பெண் தேவை. எதுவாக இருந்தாலும் சரி, அவர் படிக்கிறார் என்றால் எனக்குப் போதும்.

நேற்று மத்தியானம் பையைப் பேப்பர் மேல் வைத்தவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார்.  கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாங்க... கலங்கலா இருக்கா?"

"செத்த சும்மா இரு" என்றார், நிமிராமலே. "கோழித் தீனி வெல ஏறுதாம். படிச்சிக்கிட்டிருக்கேன்ல."